ஆயிரத்துக்குப் பதினைந்து குறைவு: 985 எப்படிப்பட்ட எண்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். 1569-இல் அரியநாத முதலியார் எழுப்பிய மண்டபம் அது. உள்ளே சன்னதிக்கு இடம் விட்டதில் பதினைந்து தூண்கள் குறைந்தன என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பேச்சுக்கு ஆயிரம், கணக்குக்கு 985.

ஆயிரத்தைப் பற்றிப் பள்ளியிலேயே எல்லாம் படித்துவிடுகிறோம். 985-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு முழு எண்ணை எப்படி ஆராய்வது, அது எந்தெந்த வகையில் சேரும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எண் கிடைப்பது அரிது. தேவையானவை ஒரு தாளும் பென்சிலும்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1, 2, 3 என்று போகிறவை இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். 'முழு எண்', 'முழுக்கள்' இரண்டையும் மாற்றி எழுதித் தேர்வில் மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். 985 இந்த மூன்றிலும் இருக்கிறது. ஒற்றைப்படை எண் என்பதும் கடைசி இலக்கத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

வரிசையாக நிறுத்த முடியுமா?

தூண்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா என்று பார்ப்போம். 31 × 31 = 961, 32 × 32 = 1024. நடுவில் வேறு வர்க்க எண் கிடையாது. ஆகவே 985 வர்க்க எண் இல்லை. இதைப் பெருக்கிப் பார்க்காமலே சொல்லலாம்: 5-இல் முடியும் வர்க்க எண் எப்போதும் 25 என்றே முடியும், இது 85 என்று முடிகிறது. (ஆயிரமும் வர்க்க எண் இல்லை. ஆனால் அது 10-இன் கனம்.)

சதுரம் வேண்டாம், செவ்வகம் போதும் என்றால்? வரிசைக்கு இத்தனை என்று மிச்சமில்லாமல் நிறுத்த வேண்டும். 985-இன் காரணிகளைக் கண்டுபிடிப்பதும் இதுவும் ஒரே வேலைதான்.

புதிதாகச் செய்பவர்கள் 2, 3, 4, 5 என்று தொடங்கி 984 வரை வகுத்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 985-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதினால் இரண்டுமே 32-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியாது. இருந்தால் பெருக்கல் 1024-ஐத் தொட்டுவிடும். எனவே சின்னவர் 31-க்குள்தான் இருப்பார். அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31. மொத்தமே பதினொரு வகுத்தல். 4-ஆல் வகுத்துப் பார்ப்பது வீண். 2-ஆல் வகுபடாதது 4-ஆல் எப்படி வகுபடும்?

2 ஆகாது. 3-க்கு இலக்கங்களைக் கூட்டினால் 9 + 8 + 5 = 22; அது 3-இன் மடங்கு இல்லை, ஆகாது. 5 ஆகும்: 985 = 5 × 197.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 5 கிடைத்த மகிழ்ச்சியில் நிறுத்திவிடுவார்கள், அல்லது 197-ஐப் பார்த்ததும் 'பகா எண் மாதிரி இருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். மாதிரி இருந்தால் போதாது. 197-க்கும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். 14 × 14 = 196, 15 × 15 = 225; எனவே 13 வரையுள்ள பகா எண்கள் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் மீதி 10. 13-ஆல் வகுத்தால் மீதி 2. 2, 3, 5 பார்த்தவுடனே ஆகாது. ஆக 197 பகா எண்தான். தோற்றம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 221-ஐப் பாருங்கள்: பகா எண் போலவே இருக்கும், ஆனால் 13 × 17.

985 ஒரு பகு எண். இரண்டே பகா எண்களின் பெருக்கல் என்பதால் இதை 'செமிபிரைம்' வகையிலும் சேர்ப்பார்கள். ஒரே பகா எண் இரண்டு முறை வராததால் 'வர்க்கக் காரணி இல்லாத எண்' என்றும் ஒரு பெயர் உண்டு. பகு, பகா என்ற சொற்களே வேலையைச் சொல்லிவிடுகின்றன: பகுக்க முடிந்தது பகு, முடியாதது பகா. 1 இந்த இரண்டிலும் சேராது. அதைப் பகா எண் என்று வைத்தால் 985 = 5 × 197 = 1 × 5 × 197 = 1 × 1 × 5 × 197 என்று எழுதிக்கொண்டே போகலாம்; ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு என்ற அடிப்படை விதி உடைந்துவிடும்.

ஆக, தூண்களை முழுச் செவ்வகமாக நிறுத்த வேண்டுமானால் இரண்டே வழி. ஒரே வரிசையில் 985, அல்லது ஐந்து வரிசையில் 197. இரண்டுமே மண்டபம் ஆகாது, நீண்ட திண்ணை ஆகும். ஆயிரமாக இருந்தால் எட்டு வழிகள் உண்டு. 25 × 40 என்பது அழகான மண்டப அளவும்கூட. பதினைந்து தூண் குறைந்ததில் எண்ணின் குணமே மாறிவிட்டது.

5 × 197 என்று தெரிந்தால் என்னென்ன தெரியும்?

காரணிகள் நான்கு: 1, 5, 197, 985. கூட்டுத்தொகைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: (1 + 5) × (1 + 197) = 6 × 198 = 1188. இதில் 985-ஐயே கழித்தால் 203. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்குச் சமமாக வந்தால் அது நிறைவெண். 6-உம் 28-உம் அப்படிப்பட்டவை: 1 + 2 + 4 + 7 + 14 = 28. கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைந்தால் குறைவெண், மிஞ்சினால் மிகையெண். 203 எங்கே, 985 எங்கே! நல்ல குறைவெண் இது. ஆயிரத்துக்கு இதே கணக்கு 1340 வரும்; அது மிகையெண். இந்தச் சோதனையில் எண்ணையே கழிக்க மறந்துவிட்டு 1188-ஐ 985-ஓடு ஒப்பிட்டால் விடை தலைகீழாகிவிடும். அடிக்கடி நடக்கிற பிழை.

காரணிகள் மிகுந்த எண்களைத் தேடி அலசியவர் ராமானுஜன். 1915-இல் அதைப் பற்றியே நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் கண்ணால் பார்த்தால் ஆயிரத்துக்குள் ராஜா 840: அதற்கு 32 காரணிகள். நான்கே காரணிகளோடு நிற்கும் 985 அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வராது.

985-க்கும் 1000-க்கும் மீப்பெரு பொதுக் காரணி என்ன? யூக்ளிட் முறையில் பெரியதைச் சிறியதால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 1000-ஐ 985-ஆல் வகுத்தால் மீதி 15. காணாமல் போன தூண்களே முதல் படி. 985-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 10. 15-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி 5. 10-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி இல்லை. கடைசியாகக் கிடைத்த 5-தான் விடை. மீச்சிறு பொது மடங்கு 985 × 1000 ÷ 5 = 197000.

985-ஓடு பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் 1 முதல் 985 வரை எத்தனை? 5-இன் மடங்குகள் 197; அவற்றைக் கழியுங்கள். 197-இன் மடங்குகள் 5, அவற்றையும் கழியுங்கள். 985 இரண்டு பட்டியலிலும் இருந்து இரண்டு முறை கழிந்துவிட்டது. ஒன்றைத் திருப்பிக் கூட்டுங்கள். 985 − 197 − 5 + 1 = 784. அந்த ஒன்றைத் திருப்பிக் கூட்டாமல் 783 என்று எழுதுபவர்கள் உண்டு. சரியான விடை 784, அதாவது 28-இன் வர்க்கம்.

தொடர்ந்து வரும் எண்களின் கூட்டுத்தொகையாகவும் இதை மூன்று விதத்தில் எழுதலாம்: 492 + 493, 195 முதல் 199 வரை ஐந்து எண்கள், 94 முதல் 103 வரை பத்து எண்கள். மூன்றுதான் உண்டு, நான்காவது கிடையாது. 1-ஐ விடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி எத்தனையோ, அத்தனை வழி. இங்கே அவை 5, 197, 985.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை

இதுவரை பார்த்தது எந்தப் பகு எண்ணுக்கும் பொருந்தும். 985-இன் தனிச்சிறப்பு இனிமேல்தான்.

985-இலிருந்து 1, 4, 9, 16 என்று வர்க்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சுவதும் வர்க்கமா என்று பாருங்கள். 22-இன் வர்க்கம் வரை போனால் போதும். அதற்கு மேல் போனால் அதே ஜோடிகள் இடம் மாறித் திரும்ப வரும். இரண்டு இடத்தில் மாட்டும்:

985 = 12² + 29² = 144 + 841
985 = 16² + 27² = 256 + 729

ஏன் மாட்டியது? ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால் அதை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கலாம். மீதி 3 வந்தால் முடியாது. 5 = 1 + 4. 197 = 1 + 196. இரண்டுமே மீதி 1 வகை. அப்படிப் பிரியும் இரண்டு எண்களைப் பெருக்கினால் பெருக்கலும் பிரியும். இதற்கான விதி 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலேயே இருக்கிறது. செய்முறை: (2, 1), (14, 1) என்று இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 × 14 = 28, 1 × 1 = 1; கூட்டினால் 29. குறுக்கே 2 × 1 = 2, 1 × 14 = 14; கழித்தால் 12. முதலில் கழித்து, குறுக்கே கூட்டினால் 27-உம் 16-உம். மேலே தேடிக் கண்டுபிடித்த அதே இரண்டு விடைகள்.

ஓர் எச்சரிக்கை. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற எண்ணெல்லாம் இப்படிப் பிரியும் என்று நினைத்துவிடக் கூடாது. 21-க்கும் மீதி 1-தான். ஆனால் அது பிரியாது. காரணம் 21 = 3 × 7; இரண்டுமே மீதி 3 வகை. மொத்த எண்ணுக்குச் சோதனை போட்டால் போதாது, அதன் பகாக் காரணிகளுக்குப் போட வேண்டும்.

கொத்தனார் கையில் 985

இரண்டு வர்க்கங்கள் கிடைத்தால் செங்கோண முக்கோணமும் கிடைத்துவிடும். 29, 12 ஜோடியை எடுத்து, வர்க்கங்களின் வித்தியாசம் 841 − 144 = 697, இரு மடங்குப் பெருக்கல் 2 × 29 × 12 = 696. கர்ணம் 985. அதாவது

696² + 697² = 985²

484416 + 485809 = 970225. பக்கங்கள் இரண்டும் ஒன்றே ஒன்று மட்டும் வேறுபடும் செங்கோண முக்கோணம். 3, 4, 5-உம் இதே குடும்பம்தான். 16, 27 ஜோடி 473, 864, 985 என்ற இன்னொன்றைத் தரும். இவை போக 3, 4, 5-ஐ 197-ஆல் பெருக்கி 591, 788, 985-உம், 28, 195, 197-ஐ 5-ஆல் பெருக்கி 140, 975, 985-உம் கிடைக்கும். 985-ஐக் கர்ணமாகக் கொண்டவை இந்த நான்கே.

பக்கங்கள் கிட்டத்தட்டச் சமம் என்றால் அது ஏறக்குறைய சதுரத்தின் பாதி. அப்படியானால் 985-க்கும் 2-இன் வர்க்கமூலத்துக்கும் உறவு இருந்தாக வேண்டும். இருக்கிறது. 1, 2 என்று தொடங்கி, முந்தையதை இரட்டித்து அதற்கு முந்தையதைக் கூட்டிக்கொண்டே போங்கள்:

1, 2, 5, 12, 29, 70, 169, 408, 985

இவை பெல் எண்கள். ஜான் பெல் என்ற ஆங்கிலேயர் பெயரில் வழங்குகின்றன. ஆய்லர் ஆள் மாறிச் சூட்டிய பெயர் அது. இந்த எண்களோடு தொடர்புள்ள x² − 2y² = 1 வகைச் சமன்பாட்டைப் பிரம்மகுப்தர் பல நூற்றாண்டு முன்பே கையாண்டிருந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, போகட்டும். மேலே வந்த 12-உம் 29-உம் இந்த வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு பெல் எண்ணும் 2-இன் வர்க்கமூலத்தைத் தோராயமாகக் காட்டும் பின்னத்தின் பகுதியாக வரும்: 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408, 1393/985. இதில் 577/408 என்பது, வேள்வி மேடை அளவுகளைச் சொல்லும் பழைய நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் தரும் மதிப்பு. அதற்கு அடுத்த படிதான் நம்முடையது. 1393² = 1940449; 985-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 1940450. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! பக்கம் 985 மி.மீ. உள்ள சதுரக் கல்லுக்கு மூலைவிட்டம் 1393 மி.மீ. என்று வைத்தால் பிழை 0.0004 மி.மீ.-க்கும் குறைவு. எந்த டேப்பிலும் அந்தப் பிழையைப் பார்க்க முடியாது.

கர்ணக் கணக்கு ஒன்று சொல்வார்கள்: நீளப் பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் வரும். வர்க்கமூலமே எடுக்க வேண்டாம். 3, 4-க்குப் போட்டால் 3.5 + 1.5 = 5, அச்சு அசல். 5, 12-க்குப் போட்டால் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. இதைப் பார்த்துவிட்டு எல்லா முக்கோணத்துக்கும் இதுவே விதி என்று பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். 696, 697-க்குப் போடுங்கள்: 609.875 + 348 = 957.875. உண்மையான கர்ணம் 985. மில்லிமீட்டரில் அளந்திருந்தால் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அடி வாங்கும். அறையின் மூலை கோணிப்போகும். பக்கங்களின் விகிதம் 3:4 அல்லது 5:12 ஆக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு துல்லியமாக வரும். சதுரத்தை நெருங்க நெருங்கப் பிழை கூடும். மூலை பிடிக்க 3 அடி, 4 அடி, 5 அடி கயிறு போதும். ஆனால் இந்தச் சூத்திரத்தை நம்பிச் சதுர அறையின் மூலைவிட்டத்தை அளக்காதீர்கள்.

பெல் வரிசையில் ஒற்றைப்படை இடத்தில் (ஒன்பதாவதாக) இருப்பதாலேயே 985 இன்னொரு பட்டியலிலும் இடம் பிடிக்கிறது. மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அவற்றின் பெருக்கலைப் போல மும்மடங்கு வர வேண்டும் என்பது ரஷ்யக் கணிதர் மார்க்கவ் ஆராய்ந்த நிபந்தனை. 2, 169, 985 அதற்குப் பொருந்தும்: 4 + 28561 + 970225 = 998790; 3 × 2 × 169 × 985 = 998790.

இலக்கங்களை வைத்து ஆடும் ஆட்டம்

எண்களைப் பற்றிய பட்டியல்களில் இன்னொரு கூட்டம் தகவல்கள் இருக்கும். 985-இன் இலக்கக் கூட்டுத்தொகை 22. அதையும் கூட்டினால் 4. 22-ஆல் 985 வகுபடாது. எனவே கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண் இல்லை. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 170, 50, 25, 29, 85, 89, 145, 42, 20, 4, 16, 37, 58, மறுபடியும் 89 என்று சுழலும். 1-ஐத் தொடாததால் மகிழ் எண்ணும் இல்லை. இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்து, ஏறுவரிசையைக் கழித்தால் 985 − 589 = 396; 963 − 369 = 594; 954 − 459 = 495; அதன்பின் 495-லேயே நின்றுவிடும். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த மூன்றிலக்க எண்ணும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

வேடிக்கைதான். ஆனால் இவை எண்ணின் குணம் அல்ல, அதை எழுதும் முறையின் குணம். அதே 985-ஐப் பழைய தமிழ் முறையில் ௯௱௮௰௫ என்று எழுதுவார்கள்: ஒன்பது நூறு, எட்டுப் பத்து, ஐந்து. கணினி வைத்திருக்கும் இரும முறையில் அது 1111011001. எட்டடிமானத்தில் 1731, அங்கே இலக்கக் கூட்டுத்தொகை 22 இல்லை, 12. எப்படி எழுதினாலும் 5 × 197 மாறாது, 12² + 29² மாறாது, கர்ணம் மாறாது. எண் ஜோதிடக்காரர் 'உங்கள் கூட்டெண் 4' என்று சொல்வது 985-ஐ 9-ஆல் வகுத்தால் வரும் மீதிதான். 109 முறை போய் 4 மிஞ்சுகிறது, அவ்வளவே.

இலக்கம் சார்ந்தவற்றில் ஒன்று மட்டும் உருப்படியானது. 1-ஐ 985-ஆல் வகுத்துப் பாருங்கள்:

0.001 015 228 426 …

மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்தால் 1, 15 என்று தொடங்குகிறது. அடுத்து 15-இன் வர்க்கம் 225 வர வேண்டும், 228 இருக்கிறது. 15-இன் கனம் 3375 மூன்று இலக்கத்துக்குள் அடங்காமல் 3-ஐ முன்னால் தள்ளிவிட்டது, அதனால் 228. மிஞ்சிய 375-ஓடு, 15-இன் நான்காம் அடுக்கான 50625-இலிருந்து 50-உம், அதற்கடுத்ததிலிருந்து வழிந்த சிறு பங்கும் சேர்ந்து 426. காரணம், 985 என்பது 1000 − 15. பதினைந்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்கின்றன. காரணிகளில் 5 ஒரு முறை இருப்பதால் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் சுழற்சியில் சேராது. அதன்பிறகு 197-இன் தயவில் 98 இலக்கங்கள் ஒரு சுற்றாக ஓடி, மறுபடி அதே வரிசையில் தொடங்கும்.